பள்ளத்தூர்லேருந்து பனிமலைக்கு: இந்தத் தடவை கைடுகிட்ட எதையும் மறைக்கப் போறதில்ல

வணக்கம். இது பள்ளத்தூர், எங்க அப்பத்தா வீடு. மழை இப்பத்தான் விட்டிருக்கு. முற்றத்துல ஓட்டுலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு, அந்தச் சத்தம் பின்னாடி கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. வளவுல ஆத்தங்குடிக் கல்லு மேல பாய விரிச்சு, மலைக்குக் கொண்டு போற சாமான் அத்தனையும் பரப்பி வச்சிருக்கேன். அப்பத்தா ரெண்டு தடவ வந்து பாத்துட்டாங்க. "என்னடி, கல்யாணத்துக்குச் சாமான் பரப்புன மாதிரி பரப்பியிருக்க"ன்னு கேட்டுட்டுப் போறாங்க.

நாளைக்கு விடியக்காலை காரைக்குடியில பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறுறேன். சென்னை, டெல்லி, அங்கேருந்து டேராடூன். டேராடூன்ல இருந்து சாங்க்ரிங்கிற கிராமத்துக்கு ஜீப்புல கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், மலைப்பாதைங்கிறதால அதுக்கே ஒரு பகல் முழுசும் போயிடும். சாங்க்ரியிலேருந்து நடை. உத்தராகண்ட்ல கேதார்கண்டான்னு ஒரு சிகரம், 12,500 அடி, மீட்டர்ல சொன்னா 3,810. கைடோட, குழுவா, கூடாரத்துல தங்கித் தங்கிப் போற பயணம்.

போன வருசமும் இதே மலைக்குத்தான் போனேன். அந்த வீடியோவுல உச்சி இல்லையேன்னு நிறையப் பேரு கேட்டிருந்தீங்க. "உடம்பு சரியில்ல"ன்னு ஒரு வரியில சொல்லி முடிச்சுட்டேன். இன்னைக்கு முழுசாச் சொல்றேன். ஏன்னா இந்தத் தடவை நான் பண்ற ஏற்பாடு எல்லாமே அந்த ராத்திரியிலேருந்துதான் ஆரம்பிக்குது.

முத முகாம் ஜூடா கா தாலாப், ஒரு சின்னக் குளம், குளிர்காலத்துல உறைஞ்சு கிடக்கும். ஏறக்குறைய 9,100 அடி. அங்க எனக்கு ஒண்ணுமில்ல. மறுநாள் அடிவார முகாம், 11,250 அடி. சாயங்காலம் நாலு மணிக்கு லேசாத் தலைவலி. கைடு அண்ணன் கூடாரம் கூடாரமா வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டாரு, தலை வலிக்குதா, குமட்டுதா, சாப்பிட்டீங்களான்னு. நான் நல்லா இருக்கேன்னு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். சொன்னா நாளைக்கு உச்சிக்கு விடமாட்டாருன்னு பயம். ராத்திரிச் சோறு இறங்கல, தட்ட மூடி வச்சுட்டேன். பதினோரு மணிக்கு வாந்தி. எந்திரிச்சு நின்னா கால் தள்ளாடுது. கைடும் இன்னொரு உதவியாளரும் நெத்தி விளக்கு மாட்டிக்கிட்டு, அந்தப் பனி இருட்டுல என்னக் கைத்தாங்கலாக் கீழ கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டாயிரம் அடி இறங்கினதும் தலைவலி பாதியாக் குறைஞ்சிருச்சு. மறுநாள் எங்க குழு ஒரு கைடு குறைவாத்தான் உச்சிக்குப் போச்சு. விடியும்போது அந்த அண்ணன் சொன்னது: "தீதி (அக்கா), சாயங்காலமே சொல்லியிருந்தா பகல் வெளிச்சத்துல இறக்கியிருப்பேனே." அவரு கோபப்படல. அதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

நம்ம ஊரு கடல் மட்டத்துலேருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்துல இருக்கு. மலையேத்தம்னா கால் பலம்னு மட்டும்தான் நமக்குத் தோணும். காத்துல ஆக்சிஜன் அங்கயும் 21 சதவீதம்தான், ஆனா மேல போகப் போகக் காத்தழுத்தம் இறங்கிடுது. 12,500 அடியில ஒரு மூச்சுக்கு நமக்குக் கிடைக்கிறது, இங்க கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. 2,500 மீட்டருக்கு மேல யாருக்கு வேணும்னாலும் உயர நோய், அதாவது அந்த உயரத்துக்கு உடம்பு பழகாததால வர்ற நோய், வரலாம். தினம் பத்து கிலோமீட்டர் ஓடுற பையனுக்கும் வரும். தலைவலியோட மேல ஏறக்கூடாது, அதிகமானா உடனே கீழ இறங்கணும், இதுதான் விதி. அத மீறினா நுரையீரல்லயோ மூளையிலயோ நீர் கோத்துக்கிட்டு உயிருக்கே ஆபத்தாயிடும். உயர நோய் வராம இருக்கப் போடுற டயமாக்ஸ் மாத்திரை பத்திக் கேக்குறீங்க. அது டாக்டர் சொல்லி எடுக்க வேண்டியது. சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க அத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். கடையில வாங்கிப் போட்டுக்கிட்டு ஏறாதீங்க.

இந்தா, இதான் கிளம்புறதுக்கு முன்னாடி பயணம் நடத்துறவங்களுக்கு நிரப்பி அனுப்புற உடல்நலப் படிவம். ரெண்டு பக்கம். போன வருசம் அஞ்சு நிமிசத்துல எல்லாத்துலயும் "இல்லை"ன்னு டிக் பண்ணி அனுப்பினேன். இந்தத் தடவை ஆகஸ்ட்லயே டாக்டர்கிட்ட போயிட்டேன். ரத்தம் எடுத்துப் பாத்தா ஹீமோகுளோபின் 9.6. பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். ஆக்சிஜனச் சுமக்கிறதே அதுதானே, காத்தே கம்மியா இருக்கிற இடத்துக்கு நான் கம்மியான ரத்தத்தோட போயிருக்கேன். போன வருசத்துக்குக் காரணம் அதுதான்னு டாக்டர் சொல்லல, உயர நோய் நல்ல ரத்தம் உள்ளவங்களுக்கும் வரும்னுதான் சொன்னாங்க. ஆனா சரி பண்ணாம போகாதேன்னாங்க. இரும்புச்சத்து மாத்திரை மூணு மாசம். டீ காபியோட போடக்கூடாது, எலுமிச்சைச் சாறோட போட்டா நல்லா உடம்புல சேரும்னு சொன்னாங்க. அப்பத்தா அவங்க பங்குக்கு வாரம் மூணு நாள் முருங்கைக்கீரை. போன வாரம் பாத்தப்போ 12.1. படிவத்துல ரெண்டு எண்ணையும் எழுதியிருக்கேன். "போன பயணத்துல உயர நோய் வந்து இறக்கப்பட்டேன், அறிகுறிய மறைச்சேன்" அதையும் எழுதியிருக்கேன். எழுதும்போது கை கூசுச்சு. ஆனா புது கைடுக்கு என்னப் பத்தி வேற எப்படித் தெரியும்?

பொண்ணுங்களுக்கு இன்னொண்ணு. மாதவிடாய் நாள் பயணத்துல வந்தா அதையும் கைடுகிட்ட தயங்காம சொல்லுங்க. அவங்களுக்கு அது புதுசில்ல. பயன்படுத்தின நாப்கின மலையில புதைக்காதீங்க, பனி உருகினா அப்படியே மேல வரும். உள்ள தெரியாத மாதிரி ஒரு ஜிப் கவர்ல போட்டுக் கீழ கொண்டாந்துடணும். நான் ஆறு கவர் எடுத்திருக்கேன்.

இப்பப் பயிற்சி. சமவெளியில மலைக்கு எப்படிப் பழகுறது? எங்க வீட்டு மெத்தைப் படி, அதான் மாடிப்படி, இருக்கு, இருபத்திரெண்டு படி, ஒவ்வொண்ணும் நல்ல உயரம். முத மாசம் காலையில அதுலயே ஏறி இறங்கினேன். ரெண்டாவது மாசம் பையில அஞ்சு லிட்டர் தண்ணிக் கேன். ஞாயித்துக்கிழமையில பிரான்மலை, சிங்கம்புணரிப் பக்கம். அடிவாரத்துல சிவன் கோயில், உச்சியில தர்கா, நடுவுல பாறையும் படியும். பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான்னு சொல்றாங்க, அந்த நினைப்போட ஏறினா அலுப்புத் தெரியாது. அங்க ஒரு பழக்கம் வச்சிருந்தேன். தண்ணியச் சுமந்துக்கிட்டு மேல ஏறுவேன், உச்சியில ஏதாவது ஒரு செடிக்கு ஊத்திட்டு வெறும் பையோட இறங்குவேன். ஏறும்போது நெஞ்சும் தொடையும் பழகணும், இறங்கும்போது முட்டிக்குப் பாரம் வேண்டாம். முட்டி போறது எப்பவும் இறக்கத்துலதான். இதோட வாரம் நாலு நாள் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டுல அஞ்சு கிலோமீட்டர். 48 நிமிசத்துல ஆரம்பிச்சேன், இப்ப 37. பேசிக்கிட்டே ஓட முடியுதான்னு பாருங்க, அந்த வேகந்தான் மலைக்கு உதவும்.

கால் விஷயத்துல எனக்கு வாத்தியாரு எங்க பெரியப்பா. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலேருந்து பழனிக்குக் காவடியோட நடக்கிறாங்கல்ல, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு, அதுல இருபது வருசத்துக்கு மேல நடந்தவரு. வெறுங்காலு. அவருகிட்ட போயி ஷூவப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவாருன்னு யோசிச்சேன். அவரு ஷூவ ஏறெடுத்தும் பாக்கல, என் காலப் பாத்தாரு. "நகத்த வெட்டு"ன்னாரு. இறங்கும்போது பெருவிரல் முன்னாடி போயி இடிக்கும், நீள நகம் இருந்தா கறுத்து விழுந்துடும். வெட்டுற நாள் கிளம்புற அன்னைக்கு வேணாம், மூணு நாள் முன்னாடியே வெட்டு, காயம் பட்டிருந்தா ஆறட்டும்னாரு. அப்புறம், கொப்புளம் வந்த பெறகு வைத்தியம் பாக்காத, தோல் சுடுதுன்னு தெரிஞ்ச அந்த நிமிசமே உக்காந்துடு. கூட வர்றவங்க போறாங்களேன்னு பாக்காத. "முத நாள் முந்துறவன் மூணாம் நாள் வண்டியில வருவான்." இத நான் ஷூ டப்பா மேல எழுதி வச்சிருக்கேன், பாருங்க.

ஷூ ஒரு அரை அளவு பெருசு. கெட்டிக் காலுறை போட்டுக்கிட்டு, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்துல போய்ப் பாத்து வாங்கினேன். ரெண்டு மாசமா இதோடயே நடந்து பழகியாச்சு. புது ஷூவோட ஏறாதீங்க. சுடுற இடத்துல ஒட்ட இந்தத் துணி பிளாஸ்திரி ஒரு சுருள், கைக்கு எட்டுற பக்கத்துப் பையிலயே இருக்கும்.

அடுத்தது துணி. இத நம்ம ஊருக்காரங்ககிட்ட சொல்ல மனசு வரல. நாம கண்டாங்கிச் சேலை நெய்யுற ஊரு, 2019-ல அதுக்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைச்சிருக்கு. பருத்தி நமக்குத் தோல் மாதிரி. வேர்வைய உறிஞ்சிக் குளிர்ச்சியா வைக்கும், அதான் இந்த வெயிலுக்கு அது தெய்வம். அதே குணம் பனியில எதிரி. ஏறும்போது வேர்க்கும், பருத்தி பனியன் நனையும், நின்னதும் ஈரம் அப்படியே ஐஸ் மாதிரி முதுகுல ஒட்டும், உடம்புச் சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும். போன வாரம் ஒரு சோதனை பண்ணினேன். பருத்தி பனியனையும் இந்தப் பாலியஸ்டர் பனியனையும் ஒண்ணா நனைச்சுப் பிழிஞ்சு இங்க கொடியில காயப் போட்டேன். மழை நாள், காத்து ஈரம். பாலியஸ்டர் ரெண்டு மணி நேரத்துல காஞ்சிருச்சு. பருத்தி மறுநாள் காலையிலயும் தையல் ஓரத்துல சில்லுன்னுதான் இருந்துச்சு. அதனால உள்ள பாலியஸ்டர், நடுவுல ஃப்ளீஸ்னு மெத்துன்னு இருக்கிற சூட்டுச் சட்டை, மேல காத்தும் பனியும் புகாத கோட்டு. நின்னா மட்டும் போட்டுக்கிறதுக்கு இறகு ஜாக்கெட், அத சாங்க்ரியிலயே வாடகைக்கு எடுத்துக்கலாம். ஒரு தடவைக்காகக் காசக் கொட்டி வாங்காதீங்க. ஒரே தடிமனா ஒரு ஸ்வெட்டர் போதும்னு நினைக்கவும் வேணாம். ஏறும்போது கழட்டணும், நிக்கும்போது போடணும், நாள் பூராவும் அதேதான் வேலை.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில பட்டுத் திரும்புற வெயில் கண்ணையே பொசுக்கிடும். பவர் பேங்க் குளிர்ல சீக்கிரம் இறங்கிடும், ராத்திரி தூங்கும் பைக்குள்ள வச்சுக்கங்க. டார்ச்சுக்கு மாத்து பேட்டரி.

சாப்பாடு அவங்களே சமைச்சுக் குடுப்பாங்க. அந்த உயரத்துல தண்ணி 90 டிகிரிக்கும் கம்மியிலயே கொதிச்சுடும், அதனால குக்கர் இல்லாம அரிசி வேக ரொம்ப நேரம் ஆகும். மேல போனா பசியே எடுக்காது, ஆனா சாப்பிட்டாகணும். அதுக்குத்தான் அப்பத்தா பாசிப்பருப்பு மாவுருண்டை புடிச்சுக் குடுத்திருக்காங்க. போன தடவை முகாம்ல நெய் உறைஞ்சு பல்லே இறங்கல. ரெண்ட எடுத்து ஜாக்கெட் உள்பையில அரை மணி நேரம் வச்சேன், மறுபடி இளகி, வீட்டு வாசனை வந்துருச்சு. இந்தத் தடவை அப்பத்தாகிட்ட சொல்லி நெய்யக் குறைச்சு, சின்னச் சின்னதாப் புடிக்கச் சொன்னேன். கோலிக்குண்டு அளவு, ஒரு வாய்க்கு ஒண்ணு.

முத தடவை போறவங்க நேரா இமயமலைக்குப் போகணும்னு இல்ல. நம்ம வனத்துறையே 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைகளத் திறந்து வச்சிருக்காங்க. பயிற்சி எடுத்த வழிகாட்டிங்க, அந்தந்த மலைப் பக்கத்துப் பழங்குடிப் புள்ளைங்களும் உள்ளூர்ப் புள்ளைங்களும், கூட வர்றாங்க. யாரோட போனாலும் அனுமதி இருக்கான்னு கேளுங்க. 2018 மார்ச் 11, தேனிப் பக்கம் குரங்கணியில அனுமதி வாங்காத பாதையில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி இறந்தத நான் மறக்கவே மாட்டேன். காய்ஞ்ச புல்லுல தீ எப்படி மேல ஏறும்னு அந்த நாள் நமக்குக் காட்டிருச்சு. ஒரு கைடுக்கு எத்தன பேரு, ஒருத்தருக்கு முடியலன்னா யாரு கீழ கூட்டிட்டு வருவாங்க, ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாம்ல இருக்கு, இந்த மூணையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டேன். மூணுக்கும் நேரடியா பதில் சொன்னவங்களோடதான் போறேன்.

இந்தா வர்றேன் அப்பத்தா!

சாப்பிடக் கூப்பிடுறாங்க. கடைசியா ஒண்ணு. இந்தச் சின்ன அட்டையில என் ரத்த வகை, மாத்திரை பேரு, வீட்டு நம்பர், அதோட இந்தியில மூணு வாக்கியம் எழுதி வச்சிருக்கேன்: தலை வலிக்குது, வாந்தி வருது, என்னைக் கீழ கூட்டிட்டுப் போங்க. காரைக்குடியில இந்தி டீச்சர் ஒருத்தங்ககிட்ட உக்காந்து உச்சரிப்பு சரி பாத்துக்கிட்டேன். இதப் பையோட மேல் ஜிப்புல வைக்கிறேன், கைடு பாக்குற இடத்துல. முத நாள் சாங்க்ரியில அவருகிட்ட நானே எடுத்துக் காட்டிடுவேன்.

சாங்க்ரி தாண்டினா சிக்னல் கிடைக்கிறது கஷ்டம். உச்சி ஏறினாலும் சரி, பாதியில திரும்பினாலும் சரி, எங்க, எத்தன மணிக்கு, ஏன்னு வந்ததும் அப்படியே சொல்றேன்.