ஆடு கொடுத்த மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் ஒரு படம் தவறாமல் இருக்கும். ஓர் ஏழைப் பெண், கையில் ஆட்டுக்கயிறு, முகத்தில் சிரிப்பு. ஆடு கொடுத்த அன்று எடுத்த படம். ஆறு மாதம் கழித்து அந்த ஆடு என்ன ஆனது? அதைச் சொல்லும் அறிக்கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு நிறுவனம் இன்னொன்றிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதோ அதைத்தான்.

வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் சிறுகடன் கொடுப்பதில் நீண்ட அனுபவம் உள்ளது. ஆனாலும் மிக வறிய குடும்பங்கள் கடன் குழுக்களின் பக்கமே வரவில்லை. வாங்கினால் எப்படிக் கட்டுவது என்ற பயம். அதனால் 2002-இல், கடனை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு திட்டம் தொடங்கினார்கள். ஆடோ மாடோ கோழியோ, இலவசமாகவே கொடுப்பது. அது பலன் தருவதற்குள் பசிக்கு விற்றுவிடக் கூடாதே, அதற்காகச் சில மாதங்களுக்கு உதவித்தொகை. அப்புறம் வளர்ப்புப் பயிற்சி, சேமிப்புப் பழக்கம், மருத்துவ உதவி. இவ்வளவுக்கும் மேல், வீடு தேடி அடிக்கடி வரும் ஒரு களப்பணியாளர். எல்லாம் சேர்ந்து சுமார் 2 ஆண்டுகள்.

செலவு அதிகம்தான். பலன் உண்டா? எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் திட்டம், மற்றவர்கள் ஒப்பீட்டுக்கு. 2015-இல் முடிவு வெளியானது. திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும், சேர்ந்த குடும்பங்கள் மொத்தத்தில் கூடுதலாகச் சாப்பிட்டன, கூடுதலாகச் சம்பாதித்தன. கானாவில் இன்னொன்றும் செய்தார்கள். சில குடும்பங்களுக்கு ஆடு மட்டும், வேறெதுவும் இல்லை. அதனால் அவர்கள் வாழ்க்கைத்தரம் உயரவில்லை. ஆண்டறிக்கையில் சிரிக்கும் அந்தப் படத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

விவசாயத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது: நேரம். மேற்குக் கென்யாவில் மக்காச்சோளம் பயிரிடும் சிறு விவசாயிகள் ஏன் உரம் வாங்குவதில்லை என்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். உரத்தின் அருமை தெரியாமல் இல்லை. அறுவடை முடிந்ததும் கையில் காசு இருக்கும்; உரம் போடும் காலம் வருவதற்குள் அது கரைந்துவிடும். நம் எல்லோர் கதையும்தான். ஆகவே அறுவடையானவுடனே வீட்டுக்குப் போய், இப்போதே பணம் கட்டினால் உரத்தைக் கொண்டுவந்து இறக்குகிறோம், கூலி இல்லை என்றார்கள். விலையில் ஒரு காசு குறைக்கவில்லை. உரம் போடுவோர் எண்ணிக்கை நன்றாகவே கூடியது. பின்னாளில் பாதி விலைக்குக் கொடுத்தால் எவ்வளவு கூடுமோ கிட்டத்தட்ட அந்த அளவுக்கு. கூலியில்லாமல் கொண்டுவந்து இறக்குகிறோம் என்று இதையே உரம் போடும் நேரத்தில் சொன்னபோது அவ்வளவாக எடுபடவில்லை.

யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். இந்தியாவில் டிஜிட்டல் கிரீன் என்ற விவசாயத் தொண்டு அமைப்பு, நிபுணர்களைப் பேசவைக்காமல் உள்ளூர் விவசாயிகளையே வீடியோ எடுத்துச் சிறு கூட்டங்களில் போட்டுக் காட்டியது. நடுநடுவே படத்தை நிறுத்திக் கேள்வி கேட்க ஓர் ஆளும் உண்டு. பார்ப்பவர்கள் முதலில் கேட்டது, இவர் யார், எந்த ஊர் என்றுதான்.

சரி, அந்த ஆறு நாட்டுக் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். ஹோண்டுராஸில் திட்டம் பலிக்கவில்லை. அங்கே பெரும்பாலானவர்கள் கேட்டு வாங்கியது கோழி. நோய் வந்து ஏராளமான கோழிகள் செத்துப்போயின. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல், மற்ற ஐந்து நாட்டு வெற்றியோடு ஒரே கட்டுரையில் எழுதிவைத்தார்கள். அடுத்து எங்காவது கோழி கொடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு, வெற்றி பெற்ற ஐந்தையும்விட இந்த ஒன்றுதான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.