கையுறைக்குள் காற்று

நேயர்களுக்கு வணக்கம். கம்பத்தில் ஏறப்போகிற லைன்மேன்களுக்கும் கேங்மேன்களுக்கும் தனியாக இன்னொரு வணக்கம். சேலத்திலும் ஏற்காட்டு மலையிலுமாக முப்பது வருஷத்துக்கு மேல் மின்கம்பி வேலை பார்த்தவன் நான். எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள், கிளவுஸ் என்றேன், போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பாத்திரம் கழுவுறதுங்களா?” என்றார்கள்.

அது இல்லை. ரப்பரிலேயே செய்தாலும் அது வேறு, இது வேறு, மின்கம்பியில் வேலை செய்கிறவன் கரன்ட் தாக்காமலிருக்கப் போடுவது. இதில் எத்தனை வோல்ட் வரைக்கும் என்று வகுப்பு உண்டு, வகுப்புக்கு ஒரு நிறத்தில் முத்திரை உண்டு. சிவப்பு என்றால் ஆயிரம் வோல்ட் வரை, அதை ஐயாயிரம் வோல்ட் கொடுத்துச் சோதித்திருப்பார்கள். பச்சை என்றால் 26,500 வரை, சோதனை 30,000. சோதனை எப்படி என்றால், கையுறைக்குள்ளும் தண்ணீர், அது முங்கியிருக்கிற தொட்டியிலும் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே கரன்ட். ரப்பரைத் தாண்டி எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள்.

சரி, ஏற்காட்டுக் கதைக்கு வருகிறேன். ஐப்பசி மழை. மேலே ஒரு எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரம் ஹெச்.டி. லைன், அதாவது உயரழுத்தக் கம்பி மேல் சாய்ந்துவிட்டது. பனி எப்படி என்றால், கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்தால் உச்சியில் குறுக்காக இருக்கிற கிராஸ் ஆர்ம் தெரியாது. லைனை நிறுத்தி வேலை பார்க்கிற அனுமதியான எல்.சி. வாங்கியாச்சு, கரன்டைத் துண்டிக்கிற ஏ.பி. சுவிட்ச் திறந்தாச்சு, இனி கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராட் மாட்ட வேண்டும். எர்த் மாட்டுகிற வரைக்கும் லைனில் உயிர் இருக்கிறது என்றுதான் நினைக்க வேண்டும், அது எங்கள் பாடம். என்னோடு வந்த பையன் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. கிளவுஸை எடுத்து விறுவிறுவென்று மாட்டப்போனான்.

“சுருட்டிப் பாத்தியாடா?”

“புதுசுண்ணே. நேத்துத்தான் ஸ்டோர்ல வாங்குனது.”

புதுசுதான், முத்திரைகூட மங்கவில்லை. இருந்தாலும் சுருட்டு என்றேன். மணிக்கட்டுப் பக்கத்து வாயை இறுக்கிப் பிடித்து, சப்பாத்தி சுருட்டுகிற மாதிரி விரல் பக்கமாகச் சுருட்டினால் உள்ளே இருக்கிற காற்று விரல்களில் போய் உப்பிக்கொள்ளும். வாயால் ஊதுவது கிடையாது, சுருட்டுவது. சுருட்டினான், அஞ்சு விரலும் கும்மென்று நின்றது. “பாத்தீங்களாண்ணே” என்று சிரித்தான். காதோரம் வை என்றேன். மலையில் அந்த நேரத்தில் இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் தவிர வேறு எதுவும் கிடையாது. வைத்தான். சிரிப்பு நின்றுபோனது. கட்டைவிரல் இடுக்கிலிருந்து உஸ்ஸென்று ஒரு நூல் காற்று. கண்ணுக்கு ஓட்டையே தெரியவில்லை. பிறகு பையைக் கொட்டிப் பார்த்தால், கிளவுஸோடு ஒரு சுருள் பைண்டிங் கம்பியையும் போட்டு வைத்திருக்கிறான், அதன் முனை ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு என்னுடையதை மாட்டிக்கொண்டு வேலையை முடித்தோம். அதையும் சுருட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

கிளவுஸே இல்லாதவன் பயந்து பயந்து வேலை செய்வான். ஓட்டைக் கிளவுஸ் போட்டவனுக்கு அந்தப் பயமும் போய்விடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தினமும் காலையில் சுருட்டிப் பாருங்கள்.

அப்புறம், மடிக்கக் கூடாது. காலண்டரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பீர்கள், வருஷம் கழித்து எடுத்தால் அது வெடித்து வெடித்து அறுந்துபோகும். கூடவே வாங்கி, டிராயரில் சும்மா கிடந்தது அவ்வளவு மோசமாகி இருக்காது. இழுபட்டு நிற்கிற ரப்பரைத்தான் காற்றில் இருக்கிற ஓசோன் வெட்டும். மடித்த கிளவுஸில் மடிப்பு முழுக்க இழுபட்டு நிற்கிறது. உயரழுத்தக் கம்பியைச் சுற்றி ஓசோன் கூடுதலாகவே உண்டாகும், வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரப்பர் என்றதும் ஞாபகம் வருகிறது, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்காரர் ஒருவர் வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே விடமாட்டார், கறுத்துவிடும் என்பார். ரப்பரில் கலந்த கந்தகம் செய்கிற வேலை அது. இதற்கும் கிளவுஸுக்கும் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகளிலேயே, லைனில் வேலை செய்கிறவருக்குக் கையுறை, ரப்பர் காலணி, பெல்ட், ஹெல்மெட் எல்லாம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் போதாது, எப்போதும் நல்ல நிலையில் வைத்திருக்கவும் வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த இரண்டாவது பாதிதான் மறந்துபோகிறது. ஒரு ஸ்டோரில் அட்டைப்பெட்டியைத் திறந்தேன், எந்த ஸ்டோர் என்று கேட்காதீர்கள், எல்லா ஜோடியும் துணி மாதிரி நாலாக மடித்து அடுக்கியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தது. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கிற ஓஷா அமைப்பின் விதியில் ஆறு மாசத்துக்கு ஒருமுறை கரன்ட் கொடுத்துச் சோதித்தாக வேண்டும். நம் ஆட்கள் யாராவது கிளவுஸைக் கையில் கொடுத்தால், “கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணுனது?” என்று கேளுங்கள். கேட்டால் தப்பில்லை.

மேலே போடுகிற தோல் கையுறை பற்றியும் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரலைக் காட்டுகிறார்கள். ரப்பரைக் கீறல் படாமல் காப்பது அது, ரப்பரைவிடக் குட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கரன்ட் போனதும் அதை நேராக வீட்டு லைனில் சொருகாதீர்கள், வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி, மேலே செத்துக் கிடக்கிற லைனை எழுப்பிவிடும், அந்த நேரம் கம்பத்தில் ஒருவன் இருப்பான். சரி, கை காட்டிவிட்டார்கள். வணக்கம்.