பிக்கப்பைத் தரையில் உட்கார வைப்பது எப்படி?

[காட்சி: 1990களின் செவ்ரோலெட் பிக்கப். சுவிட்சைத் தட்டியதும் 'புஸ்' என்று காற்று வெளியேற, வண்டி தரையில் அமர்கிறது.]

இந்த உயரத்தில் வண்டி ஓடாது. கிளம்பும்போது எழுந்துகொள்ளும். காற்றுப் பைகள் (ஏர் பேக்) வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனுக்குச் செலவழிப்பதே அதற்காகத்தான். 1950களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது. ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் ஏற்றிக்கொள்ளலாம்! அன்று எண்ணெய் செய்த வேலையை இங்கே காற்று செய்கிறது.

[காட்சி: பின்பக்கச் சரக்குத் தொட்டியைக் கழற்றிய சேசிஸ், பின் ஆக்ஸில்]

இது செவ்ரோலெட் சி1500. பின்னால் கமான் பட்டை. ரொம்ப இறக்கினால் ஆக்ஸில் சேசிஸில் இடிக்கும். அதனால் ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேசிஸை வளைவாக வெட்டி, தடித்த தகடு வைத்துப் பலப்படுத்துகிறார்கள். இதுதான் சி-நாட்ச். அப்புறம், கமான் பட்டை எடையைத் தாங்குவதோடு ஆக்ஸிலை இடம் நகராமலும் பிடித்திருந்தது. ஏர் பேக்குக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. ஆகவே ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் ஃபோர் லிங்க் கம்பிகள் வேண்டும். ஷாக் அப்சார்பரும் கட்டாயம்; அது இல்லையென்றால் வண்டி பந்து மாதிரி துள்ளிக்கொண்டே போகும்.

கம்ப்ரஸர், டேங்கில் காற்றை நிரப்பும்; வால்வுகள் அங்கிருந்து பேக்குகளுக்குக் காற்றை விடும். நான்கு மூலைக்கும் தனித்தனி வால்வு வையுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று எதிர்ப்பக்கம் ஓடிவிடும், வண்டி சாயும். பேக் எதிலும் உரசக் கூடாது, உரசினால் ஓட்டைதான். வீல் அலைன்மென்ட்டை ஓட்டும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் காற்றை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஜாக் ஸ்டாண்ட் வேண்டும்.

[காட்சி: சாம்பல் நிற பிளாஸ்டிக் பட்டைகள், குரோம் பம்பர்]

இந்தப் பட்டைகளையும் பம்பரையும் வண்டியின் நிறத்துக்கே மாற்றலாம். வெல்டிங் பொறி பறக்கிற வேலையெல்லாம் முடிந்த பிறகே பெயின்ட். கலர் கோடு கிளவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் இருக்கும். ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறம். வெயிலில் வெளுத்த கதவுக்குப் பக்கத்தில் புதிதாக பெயின்ட் அடித்த பம்பர் தனியாகத் தெரியும். அதனால் ஒரு சோதனை அட்டையில் அடித்து, வெளிச்சத்தில் கதவோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கலவையை முடிவு செய்ய வேண்டும். பிளாஸ்டிக்குக்கு முதலில் ஒட்டுதல் கூட்டும் பிரைமர். குரோம் மீது நேரடியாக அடித்தால் உரிந்துவிடும்; நன்றாகத் தேய்க்க வேண்டும், அல்லது குரோமையே நீக்க வேண்டும்.

[காட்சி: முழுக் கறுப்பில் 454 எஸ்எஸ்]

1990-இல் செவ்ரோலெட்டே பம்பரும் கிரில்லும் கறுப்பாக விட்ட வண்டி இது. என் கண்ணுக்கு, இறக்கிய பிக்கப்புக்கு குரோமைவிட இதுவே எடுப்பு. உடலின் கோடு எங்கும் அறுபடாததால், உள்ளதைவிடத் தாழ்வாகத் தெரிகிறது.