320 ரூபாய் 242 ஆன கதை: எங்கள் வீட்டுக் கேபிள் கணக்கு

வணக்கம். இன்றைக்கு வயல் இல்லை, நடவு இல்லை, ஆறும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கேபிள் பில்லைப் பற்றிப் பேசப் போகிறேன். பில் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். எங்கள் ஊருக்கு மாதம் பிறந்ததும் ஒரு தம்பி பைக்கில் வருவார், நோட்டுப் புத்தகத்தை நீட்டுவார், 320 ரூபாய் வாங்குவார், ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார். எதற்கு 320 என்று நாங்கள் கேட்டதில்லை. போன வருடம் ஒருநாள் அம்மா கேட்டார். "எல்லா வீட்டுக்கும் இதுதான் பேக்கேஜ் அக்கா" என்று பதில் வந்தது. எல்லா வீட்டிலும் ஒரே குழம்பா வைக்கிறார்கள்? அந்த எரிச்சலில்தான் நான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு தெரிந்தவர்களுக்கு இடம் புரிந்திருக்கும். பின்னால் கோழி கத்துவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், விரட்டினாலும் திரும்பி இங்கேதான் வரும்.

அந்த 320-ஐப் பிரித்தால் மூன்று துண்டு. முதல் துண்டு, கம்பி வழியாக வீட்டுக்குச் சேனல்களைக் கொண்டுவந்து கொடுப்பதற்கான கட்டணம். இரண்டாவது, காசு கேட்கிற சேனல்களின் விலை. மூன்றாவது, இந்த இரண்டின் கூட்டுத்தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. எங்கள் வீட்டில் முதலாவது 130, இரண்டாவது 141. சேர்த்தால் 271, வரியோடு 319 ரூபாய் 78 காசு. ஆக அந்தத் தம்பி ஏமாற்றவில்லை. கணக்கு சரிதான். நாங்கள் கேட்காத 141 அதற்குள் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

இந்த 130-க்கு ஒரு வரலாறு உண்டு. 2019 பிப்ரவரி 1 முதல் டிராயின், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின், புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டரை மாதம் முன்புதான், 2018 நவம்பர் 16 அன்று, கஜா புயல் அடித்து முடித்திருந்தது. தென்னை விழுந்து கம்பம் விழுந்து, கரண்டே இல்லாமல் கிடந்த நேரம். சேனலைத் தேர்ந்தெடுங்கள் என்று நாடே பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் கூரைக்குத் தார்ப்பாய் தேடிக்கொண்டிருந்தோம். படிவம் வந்திருந்தாலும் நிரப்புகிற மனநிலை யாருக்கும் இல்லை. தேர்ந்தெடுக்காதவர்களுக்கு ஆபரேட்டர் வைத்ததே பேக்கேஜ் என்று ஆகிவிட்டது. வருடங்கள் ஓடிவிட்டன, அதையே கட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது 130 ரூபாய்க்கு 100 சேனல் என்று வரம்பு. 2020-இல் அது 200 சேனல் ஆனது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே டிராய் எடுத்துவிட்டது. இப்போது இந்த முதல் துண்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு நிறுவனமும் தானே அறிவித்துக்கொள்ளலாம். எங்களுக்கு இன்னும் 130 வாங்குகிறார்கள், உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். அதனால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "சேனல் விலை இல்லாமல், கம்பிக்கு மட்டும் எவ்வளவு?"

விலை குறைவாக வேண்டும் என்று அரசு கேபிளுக்குப் போனவர்களும் எங்கள் பக்கத்தில் நிறைய. 2007-இல் தொடங்கிய நிறுவனம், 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. அப்பா இன்றும் அந்த 70 ரூபாயைப் பற்றிப் பேசுவார், ஏதோ பொன்னி அரிசி விலை சொல்வது மாதிரி. எந்தக் கேபிளாக இருந்தாலும் நான் சொல்கிற கணக்கு ஒன்றுதான்.

இப்போது அந்த 141-க்கு வருகிறேன். கேட்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் என்னதான் பார்க்கிறோம் என்று தெரியவேண்டும் அல்லவா? கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு வாரம் எழுதி வைத்தேன். யார், எந்தச் சேனல், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. அப்பாயி விடியற்காலையில் பக்திச் சேனல், சாயங்காலம் விளக்கேற்றியதும் தொடர்கள், இரண்டு சேனலில் மாற்றி மாற்றி. அம்மாவுக்கு வேறொரு சேனலில் ஒரே ஒரு தொடர். அப்பாவுக்குச் செய்தி மட்டும், அதிலும் மேட்டூர் அணை எத்தனை அடி, வடகிழக்குப் பருவமழை எங்கே நிற்கிறது, இவ்வளவுதான். 120 அடி தொட்டுவிட்டது என்றால் அன்றைக்கு மூன்று சேனலில் அதே செய்தியைப் பார்ப்பார். அக்கா மகன் வந்தால் கார்ட்டூன். தம்பிக்கு நகைச்சுவை, பாட்டு. கிரிக்கெட்டைக் கைபேசியிலேயே பார்த்துவிடுகிறான்.

அந்தத் தாள்களில் அதிக நேரம் பிடித்தது எது தெரியுமா? "டிவி ஓடியது, யாரும் பார்க்கவில்லை." அப்பாயி நாற்காலியில் தூங்கியிருப்பார். நிறுத்தினால் உடனே கண்ணைத் திறந்து, "நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்பார்.

கூட்டிப் பார்த்தால் மொத்தம் பதினொரு சேனல். அதில் ஐந்து கட்டணமில்லாதவை. இது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி விலை கிடையாது. பொதிகை என்று நாம் பழகிய, 2024 முதல் டிடி தமிழ் என்று ஆன சேனலும் அப்படித்தான். அந்த 130-க்குள்ளேயே வந்துவிடும். "200 சேனலுக்கு மேல்" என்று பேக்கேஜ் அட்டையில் பெரிதாகப் போடுகிறார்களே, அதில் பெரும்பகுதி இப்படிக் காசில்லாமல் வருவதுதான். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள்.

மீதி ஆறுதான் காசுச் சேனல். நான் முதலில் செய்த தவறு, ஆறையும் தனித்தனியாக எடுத்துவிடலாம் என்று நினைத்தது. கட்டணச் சேனல் ஒவ்வொன்றையும் தனியாகத் தரவேண்டும் என்பது விதி, கேட்டால் மறுக்க முடியாது. ஆனால் தனியாக எடுப்பது எப்போதும் மலிவு இல்லை. எங்கள் ஆறில் நான்கு ஒரே நிறுவனத்தினுடையவை. தனியாக எடுத்தால் அந்த நான்குக்கும் 54 ரூபாய். அந்த நிறுவனத்தின் தொகுப்பாக எடுத்தால் 40, கூட மூன்று சேனலும் வருகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் மற்ற இரண்டைத் தனியாக எடுத்தேன், சேர்த்து 35. ஆக 75. ஒரே நிறுவனத்தின் சேனல் மூன்றுக்கு மேல் பார்க்கிறீர்களா, தொகுப்பின் விலையைக் கேளுங்கள். ஒன்றிரண்டு என்றால் தனியாக எடுங்கள். இன்னொன்று, 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது. அது தனியாகத்தான் வரும். அப்படி ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் ஒருமுறை யோசித்துவிட்டு எடுங்கள்.

130-உம் 75-உம் 205. வரியோடு 241 ரூபாய் 90 காசு. மாதம் 78 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 936. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், 266 ரூபாய் 50 காசு யூரியா மூட்டை மூன்று வாங்கிவிட்டு இன்னும் கையில் காசு இருக்கும். இதைச் சொன்ன பிறகுதான் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

மாதக் கட்டணமே வேண்டாம், டிடி ஃப்ரீ டிஷ் போட்டுவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். நல்ல யோசனைதான். தட்டும் பெட்டியும் வாங்குகிற செலவு ஒருமுறை, பிறகு மாதாமாதம் ஒன்றும் இல்லை. தட்டைத் தென்கிழக்குப் பார்த்துத் திருப்பவேண்டும், அந்தப் பக்கம் தென்னை மறைக்காமல் இருக்கவேண்டும். ஆனால் தமிழ்ச் சேனல் அதில் குறைவு. அப்பாயியின் தொடர் எதுவும் வராது. பேச்சு அங்கேயே முடிந்தது. கட்டணம் கட்டுகிற டிடிஎச் பற்றிக் கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தட்டில் படம் நின்றுவிடும், கேபிளில் அந்தத் தொல்லை குறைவு. காற்று அடித்தால் கேபிள் அறுந்து தொங்கும், தட்டு திரும்பிக்கொள்ளும். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இரண்டிலும் ஒரு துன்பம் உண்டு.

மாற்றச் சொன்னபோது என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நோட்டுக்காரத் தம்பி முதலில் "அப்படியெல்லாம் பிரிக்க முடியாது" என்றார். நான் சண்டை போடவில்லை. செட்டாப் பாக்ஸ் எண், வேண்டிய தொகுப்பு, வேண்டிய இரண்டு சேனல், வேண்டாதவை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற பில்லும் வேண்டும் என்று கேட்டேன், அது நமக்கு உரிமையானது. இரண்டு நாளில் மாற்றிவிட்டார்கள். பில் மட்டும் மூன்றாவது மாதம்தான் வந்தது. மாறியதா என்று பெட்டியின் மெனுவில் சந்தாப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் குறைந்து சேனல் குறையாமலும் இருக்கலாம், சேனல் குறைந்து பணம் குறையாமலும் இருக்கலாம், இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும்.

கடைசியாக அத்தை வீட்டுக் கதை. பக்கத்துத் தெருதான். அங்கே எச்டி தொகுப்புக்குத் தனியாகக் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். டிவி எது? 2006-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்தது, 14 அங்குலம், பின்னால் கூன் விழுந்தது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று முனை உள்ள கம்பியில் பெட்டியோடு இணைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பியில் எச்டி போகவே போகாது. இதையெல்லாம் விளக்கி, எச்டியை எடுத்துவிட்டோம். ஒரு மாதம் ஆகிறது. படம் முன்னைப் போலப் பளிச்சென்று இல்லை என்று அத்தை என்னிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.