அட்டையில் பறந்தவன் யார்?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியில் படிக்கிற வயதில், அட்டையைப் பார்த்து மயங்கி ஓர் அறிவியல் புனைகதையை இரவல் வாங்கினேன். அட்டை முழுக்க ஒரு விண்கலம். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள், வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். கதையைத் திறந்தால், இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து காலத்தைப் பற்றி வாதாடுகிறார்கள். விண்கலம் இதோ வரும், அதோ வரும் என்று கடைசிப் பக்கம் வரை காத்திருந்தேன். வரவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், இன்று அந்தக் கதையை நினைத்தால் அந்த அறைக்கு வரிசையாகச் சின்ன ஜன்னல்கள் இருக்கின்றன. எழுதியவர் ஜன்னலைப் பற்றி மூச்சே விடவில்லை!

இது என் ஒருவனுடைய கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் 1928 ஆகஸ்ட் இதழின் கதை தெரியவந்தது. அதன் அட்டையில், சிவப்பு உடுப்பு அணிந்த ஒருவன் கையில் சின்னக் கருவியோடு காற்றில் மிதக்கிறான். வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். அது ஈ. ஈ. ஸ்மித்தின் தொடர்கதைக்காக வரைந்த படம். ஆனால் அதே இதழில் ஆன்டனி ராஜர்ஸ் என்ற நாயகனின் கதையும் வந்திருந்தது. அடுத்த ஆண்டு அவன் பக் ராஜர்ஸ் ஆகிப் படக்கதையில் பிரபலமானான். அவ்வளவுதான், அட்டையில் பறப்பவன் பக் ராஜர்ஸ்தான் என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். இன்றும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. படம் ஒரு கதையைவிட்டுப் பக்கத்துக் கதைக்குக் குடிபோய்விட்டது.

அட்டைகள் ஏன் அப்படிக் கத்தின? உள்ளே மட்டமான தாள், கடையில் பக்கத்திலேயே பத்துப் போட்டி இதழ்கள். கத்தாமல் என்ன செய்வது? படம் ரொம்ப ஆர்ப்பாட்டமாக இருக்கிறது என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டதால், அதே ஆண்டு செப்டம்பர் இதழுக்கு ஆசிரியர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் அடக்கமான அட்டை போட்டுப் பார்த்தார். விற்பனை படுத்துவிட்டது. பழையபடி ஆர்ப்பாட்டம் திரும்பியது.

இதே மனிதர் 1926 டிசம்பரில் இன்னொரு வேலை செய்தார். அட்டைப்படத்தை முதலில் போட்டுவிட்டு, இதற்குக் கதை எழுதுங்கள் என்று போட்டி வைத்தார். மூன்றாம் பரிசு பெற்றவர் கிளேர் விங்கர் ஹாரிஸ் என்ற பெண்மணி. படத்துக்குக் கதை எழுதுவது எனக்குக் குற்றமாகத் தெரியவில்லை. கதையில் இருப்பதை அட்டை அழிப்பதுதான் குற்றம்.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 1987ஆம் ஆண்டு 'டான்' (Dawn, விடியல்) நாவலின் நாயகி லிலித் கறுப்பினப் பெண். முதல் பதிப்பின் அட்டையில் இருந்ததோ வெள்ளைக்காரப் பெண்கள். வாசகர் நூறு பக்கம் படித்தாலும், மனதுக்குள் நடமாடுவது அட்டையில் பார்த்த முகம்தானே? அந்த முகத்தோடு எழுத்தாளர் பக்கத்துக்குப் பக்கம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பிந்தைய பதிப்புகளில் அட்டை மாறியது. பழைய பிரதியில் படித்தவர்களின் லிலித் மாறியிருப்பாளா? எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் இப்போதெல்லாம் புதுப் புத்தகம் வாங்கினால், பள்ளிப் பிள்ளை மாதிரி பழைய செய்தித்தாளில் அட்டை போட்டுவிடுகிறேன். படித்து முடித்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பது. போன வாரம் ஒன்றைப் பிரித்தேன். மறுபடியும் ஒரு விண்கலம். கதை நடந்தது கடலுக்கு அடியில்.

சரி, கேள்வி இருந்தால் கேளுங்கள்.