நூற்றவளே நூலுக்குள்

வணக்கம். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஒரே ஒரு சிலைதான். திரையில் வருகிறது, பாருங்கள். பிரெஞ்சுச் சிற்பி காமில் க்ளோடல் 1893-இல் செய்த ‘க்ளோதோ’. பிளாஸ்டர் சிலை, பாரிஸில் ரோதான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை.

நாம் தலையெழுத்து என்கிறோம். கிரேக்கர்களுக்கு விதி எழுத்து இல்லை, நூல். மூன்று சகோதரிகள்: க்ளோதோ நூற்பாள், லாக்கெஸிஸ் அளப்பாள், அட்ரோபோஸ் அறுப்பாள். அறுத்தால் ஆள் காலி. உயிரைத் தொடங்கி வைக்கிறவள் என்பதால் க்ளோதோவைப் பல படங்களில் இளம்பெண்ணாகப் பார்க்கலாம். காமில் அவளைக் கிழவியாக்கிவிட்டார்.

அந்தத் தலையைப் பெரிதாக்குகிறேன். இது கூந்தலா, நூலா? எனக்குப் பிடிபடவே இல்லை. தலைமேல் கும்பலாக எழும்பி, தோளில் சரிந்து, கையைச் சுற்றி இறங்குகிறது. கீழே விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது, மார்பு வற்றித் தொங்குகிறது. பூனை உருட்டிய நூல்கண்டைச் சிக்கெடுத்திருக்கிறீர்களா? ஒரு இழையை இழுத்தால் இன்னொன்று இறுகும். அதே சங்கடம்தான் இங்கே. ஊர் உலகத்துக்கெல்லாம் விதி நூற்றவள், தன் கையை விடுவித்துக்கொள்ள முடியாமல் நிற்கிறாள்.

காமிலின் ஆசிரியரான சிற்பி ரோதானும் ஒரு கிழவியைச் செய்தார். அவள் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருக்கிறாள். போன அழகை நினைத்து வருந்துகிறாள் என்று தோன்றும். க்ளோதோவிடம் அந்த வருத்தமே இல்லை, அவளுக்கு வேலை மிச்சமிருக்கிறது. என் ஓட்டு இவளுக்குத்தான்.

சரி, கமெண்டில் நீங்கள் எழுதப்போவது தெரியும். காமிலை 1913-இல் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள், 1943-இல் சாகும்வரை வெளியே விடவில்லை, ஆகவே இது அவருடைய சொந்தக் கதை என்பீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இதைச் செய்தபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை; காப்பகத்துக்கு இன்னும் இருபது வருடம் இருந்தது. அந்தக் கை செய்த வேலையை விட்டுவிட்டு ஜாதகம் பார்ப்பானேன்?

அப்புறம், இதையே பளிங்கிலும் செதுக்கினார். அது காணாமல் போய்விட்டது. பிளாஸ்டரிலேயே இத்தனை சிக்கு. பளிங்கில் ஒவ்வொரு இழையையும் உளியால் பிரித்தெடுக்கும்போது, ஒரு தடவை கை நழுவியிருந்தால்?