நடுவர் கொடுக்கவில்லை, மகன் தானே வெளியே வந்துவிட்டான்

வணக்கம். மதுரையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன்.

"என் மகனுக்கு 11 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடப் போகிறான். போன வாரம் பந்து மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போனது. எதிரணி அவுட் கேட்டது, நடுவராக நின்றவர் கொடுக்கவில்லை. இவன் தானாகவே வெளியே வந்துவிட்டான். 4 ரன்னில் தோற்றார்கள். 'தீர்ப்புச் சொல்வது நடுவர் வேலை, உன் வேலை இல்லை' என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். இனி விளையாடவே போக மாட்டேன் என்கிறான். நான் என்ன சொல்வது?"

அம்மா, உங்கள் மகன் செய்தது சரி. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

பயிற்சியாளர் விதியைக் காட்டிப் பேசுகிறார். அந்த விதியையே பார்த்துவிடுவோம். கிரிக்கெட்டில் முறையீடு பற்றிச் சொல்வது 31ஆவது விதி. எதிரணி கேட்காமல் நடுவர் அவுட் கொடுக்கக் கூடாது என்கிறது. அதே இடத்தில், அவுட்டாகிவிட்ட ஆட்டக்காரர் யாரும் கேட்காமலே தானாக வெளியேறத் தடையில்லை என்றும் சொல்கிறது. ஆக, உங்கள் மகன் விதியைத் தாண்டி எதுவும் செய்யவில்லை. 2003 உலகக் கோப்பை அரையிறுதியில், இலங்கைக்கு எதிராக, நடுவர் கொடுக்காதபோதும் ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட் 22 ரன்னில் தானே நடந்து வெளியேறினார். உலகக் கோப்பையில் செய்யலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் செய்யக் கூடாதா?

ஆனால் கில்கிறிஸ்ட் கதையை மட்டும் பையனிடம் சொல்லாதீர்கள். அன்று ஆஸ்திரேலியா ஜெயித்துவிட்டது. நேர்மையாக இருந்தால் வெற்றி தானாக வரும் என்று பிள்ளை நினைத்துக்கொள்வான். அது உண்மை இல்லை. 1980ஆம் ஆண்டு பம்பாய் டெஸ்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜி.ஆர். விஸ்வநாத் இந்திய அணித் தலைவர். இங்கிலாந்து 5 விக்கெட் இழந்து தடுமாறிக்கொண்டிருந்தது. பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று விஸ்வநாத்துக்குத் தோன்றியது. முறையீட்டைத் திரும்பப் பெற்று, டெய்லரை மறுபடியும் ஆட அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் தலைவராக இருந்தது மொத்தமே இரண்டு டெஸ்டுகள். அதில் ஒன்று இப்படிப் போனது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்கிறார்கள். உங்கள் மகனும் தோல்வியை விலையாகக் கொடுத்துத்தான் அந்த உண்மையைச் சொல்லியிருக்கிறான். விலை பெரியது என்று அவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை, மறந்துவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு அது ஒன்றுமில்லாத விஷயம் அல்ல.

என் பழைய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். கபடியில் பாடி வருகிறவனின் விரல்நுனி பட்டதா இல்லையா என்பது பல நேரம் பட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு போட்டியில் என் மாணவன் ஒருவன், நடுவர் கவனிக்காத தொடுதலுக்குத் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தான். நான் அவனைக் கடிந்துகொண்டேன். அதன் பிறகு அவன் கை தூக்கவே இல்லை. நன்றாக ஆடினான், பரிசுகளும் வாங்கினான். ஆனால் அந்தக் கையை இறக்கியவன் நான். இன்றைக்கும் உறுத்துகிறது. உங்கள் கேள்வியைப் படித்தவுடன் அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நம் தெருக்களில் நடுவர் என்று ஒருவர் இருந்ததே இல்லை, நினைத்துப் பாருங்கள். உத்தி பிரிப்போம். சம பலமுள்ள இருவர் தோளில் கைபோட்டுத் தனியே போய், ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். எந்தப் பெயர் யாருடையது என்று தெரியாமல் தலைவன் ஒன்றைக் கேட்பான். இரண்டு அணியும் சமமாக அமைந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைகள் நடத்திய நீதி அது! ஓட முடியாத சின்னத் தம்பியை விரட்ட மாட்டோம், ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். ஏமாற்றுகிறவனுக்கு அழுகுணி என்று பெயர் விழும். அவன் மறுநாள் ஒழுங்காக ஆட வருவான், வராவிட்டால் ஆட்டம் கிடையாது. சண்டை நிறைய வரும். அந்தச் சண்டைகளைத் தீர்த்துத்தான் நியாயம் பேசப் பழகினோம். இப்போது சீருடை, கட்டணம், கோப்பை, எல்லைக்கோட்டில் கத்தும் பெற்றோர் எல்லாம் வந்துவிட்டன. நியாயம் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமிருந்து நாமே வாங்கி வைத்துக்கொண்டோம். பிறகு "அது நடுவர் வேலை" என்று பிள்ளையிடமே சொல்கிறோம்.

பெரியவர்கள் ஆட்டத்திலும் அந்த வேலையை விட்டுக்கொடுக்காத விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஃபிரிஸ்பீ என்னும் தட்டை எறிந்து ஆடும் அல்டிமேட். சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஆடுகிறார்கள், ஆணும் பெண்ணும் ஒரே அணியில். உலகப் போட்டியில்கூட நடுவர் கிடையாது. இடித்தால் இடிபட்டவர் சொல்ல வேண்டும், மற்றவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுத்தால் தட்டு எறிந்தவரிடமே திரும்பிப் போகும். ஆட்டம் முடிந்ததும் எதிரணி எப்படி நடந்துகொண்டது என்று ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுகிறார்கள். வாய்ப்பு இருந்தால் ஒரு நாள் உங்கள் மகனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பயிற்சியாளரிடம் நீங்களோ அவனுடைய அப்பாவோ போய்ப் பேச வேண்டும். பையன் இல்லாத நேரத்தில், தனியாக. சண்டைக்குப் போகாதீர்கள். "ஆட்டம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திருத்துங்கள் ஐயா, உண்மை சொன்னதற்காக எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள்" என்று கேளுங்கள். பலர் புரிந்துகொள்வார்கள். தோற்ற கோபத்தில் வந்த வார்த்தையாகவும் இருக்கலாம். அவர் அப்போதும் பொய்யாக நிற்கத்தான் வேண்டும் என்றால், கட்டிய பணத்தைப் பார்க்காதீர்கள், வேறு இடம் தேடுங்கள்.

இன்னொன்று. அவனை உத்தமன் என்று உறவினர் வீடுகளில் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். அடுத்த முறை உரசியதா என்று அவனுக்கே சந்தேகம் வரும். அப்போது நடுவர் சொல்வதைக் கேட்டு நிற்கவும் அவனுக்கு உரிமை உண்டு. அந்தச் சுமையை இப்போதே அவன் தலையில் ஏற்ற வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவனாக எடுக்கிறானா என்று பாருங்கள். எடுக்கவில்லையென்றால் அந்த வாரம் விட்டுவிடுங்கள். மாலையில் தெருவில் பிள்ளைகள் ஆடும் சத்தம் கேட்டால் வாசல் கதவை மட்டும் திறந்து வையுங்கள்.